விண்மீன்களைப் படமெடுக்கும்போது கேமராவுக்குள் நடப்பது என்ன?

இரவு வானத்தைப் படமெடுப்பது பற்றிச் சிங்கப்பூரில் பேச்சு எழுந்தால் மூன்று கருத்துகள் தவறாமல் வந்து சேரும். கேமராவில் படத்தைப் பளிச்சென்று காட்டும் ஐஎஸ்ஓ என்ற அமைப்பை ஏற்றிவிட்டால் விண்மீன்கள் தெரிந்துவிடும் என்பார் ஒருவர். இத்தனை வெளிச்சத்தில் இங்கே எதுவும் கிடைக்காது, எல்லை கடந்து மலேசியாவின் மெர்சிங்குக்குப் போனால்தான் உண்டு என்பார் மற்றொருவர். இணையத்தில் காணும் பால்வீதிப் படங்கள் எல்லாம் கணினியில் தீட்டியவை என்று மூன்றாமவர் முடித்து வைப்பார். முதல் கருத்து பெரும்பாலும் தவறு; இரண்டாவது பாதி சரி; மூன்றாவது, நடப்பது என்னவென்று தெரியாததால் எழும் ஐயம். கேமராவுக்குள் ஒளி எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பதை ஒருமுறை புரிந்துகொண்டால் மூன்றுக்கும் விடை கிடைத்துவிடும். புதிதாகக் கேமரா வாங்கியவர்களும் இன்னும் வாங்காதவர்களும் பின்தொடரக்கூடிய அளவிலேயே அந்தக் கணக்கை இங்கே விளக்க முயல்கிறேன்.

கண்ணால் சேமிக்க முடியாது

கண்ணை விடக் கேமரா கூர்மையானது, அதனால்தான் அதிக விண்மீன்களைக் காட்டுகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். அளவெடுத்துப் பார்த்தால் அப்படித் தோன்றவில்லை. நல்ல இருட்டில் இளைஞர் ஒருவரின் கண்மணி ஏறத்தாழ 7 மி.மீ. விரியும். விண்மீன் படங்களுக்குப் பலரும் பயன்படுத்தும் 24 மி.மீ., எஃப்/2.8 (இந்த எண்களின் பொருள் பின்னால் வரும்) லென்ஸில் ஒளி நுழையும் திறப்பு 8.6 மி.மீ. தான். கேமராவுடன் சேர்த்து விற்கப்படும் 18-55 லென்ஸை 18 மி.மீட்டரில் வைத்தால் அதன் திறப்பு 5 மி.மீட்டரை ஒட்டியே இருக்கும். அது கண்ணை விடவும் சிறியது.

வேறுபாடு காலத்தில் இருக்கிறது. இருட்டில் நம் கண் ஏறத்தாழ பத்தில் ஒரு விநாடி அளவுக்கு ஒளியைச் சேர்த்து மூளைக்கு அனுப்பிவிட்டு, அடுத்த கணத்துக்குப் புதிதாகத் தொடங்குகிறது. ஒரே விண்மீனைப் பத்து நிமிடம் உற்றுப் பார்த்தாலும் அது கூடுதல் பிரகாசமாகத் தெரிவதில்லை. கேமராவோ 20 விநாடி திறந்திருந்தால் அந்த 20 விநாடியில் வந்த ஒளி முழுவதையும் ஒரே கணக்கில் வைத்துக்கொள்கிறது. இவ்வாறு ஒளியை உள்ளே விடும் கால அளவை ஒளிபடு நேரம் என்று அழைப்போம்.

நிறத்திலும் இதே கதைதான். மங்கிய ஒளியில் வேலை செய்யும் கண்ணின் செல்களுக்கு நிறம் தெரியாது என்பதால் ஒளி குன்றிய விண்மீன்கள் நமக்கு வெள்ளையாகவே தோன்றுகின்றன. கேமரா போதிய ஒளியைச் சேர்த்துவிட்டால் திருவாதிரை செம்மஞ்சளாகவும், அதே வேட்டைக்காரன் (ஓரியன்) விண்மீன் கூட்டத்தின் மறுமுனையில் உள்ள ரைஜெல் நீலம் கலந்த வெண்மையாகவும் பதிகின்றன. அந்த நிறங்களை யாரும் பின்னால் பூசுவதில்லை.

ஒளியைச் சேர்க்கும் இந்த உத்தி டிஜிட்டல் காலத்துக்கு மிக முந்தியது. சூரியனைத் தவிர்த்து, முதன்முதலாகப் படம்பிடிக்கப்பட்ட விண்மீன் வேகா. 1850 ஜூலை மாதம் ஹார்வர்டு வானாய்வகத்தின் பெரிய தொலைநோக்கியில் வெள்ளி பூசிய ஒரு செப்புத் தகட்டை வைத்து வில்லியம் பாண்டும் ஜான் ஆடம்ஸ் விப்பிளும் அதைப் பதிவு செய்தார்கள். ஒளிபடு நேரம் ஏறத்தாழ 100 விநாடி.

மழையில் வைத்த தம்ளர்கள்

கேமராவில் லென்ஸுக்குப் பின்னால் இருக்கும் சிலிக்கான் தகட்டுக்குச் சென்சார் என்று பெயர். அதில் கோடிக்கணக்கான நுண்ணிய கட்டங்கள் உள்ளன. ஒவ்வொரு கட்டமும் ஒரு பிக்சல். ஒளி தொடர்ச்சியான ஓட்டமாக வருவதில்லை. தனித்தனித் துகள்களாக வருகிறது. அத்துகளுக்கு ஃபோட்டான் என்று பெயர். பிக்சலின் வேலை, தன்மேல் விழுந்த ஃபோட்டான்களை எண்ணி வைத்துக்கொள்வது மட்டுமே.

உங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழே உள்ள புல்தரையில், தூறல் தொடங்கும் நேரத்தில் நூறு தம்ளர்களை வரிசையாக வைத்திருப்பதாகக் கொள்ளுங்கள். சில விநாடிகள் கழித்து எடுத்துப் பார்த்தால், சராசரியாகத் தம்ளருக்கு 9 துளிகள் விழுந்திருக்கலாம். ஆனால் எல்லாவற்றிலும் சரியாக 9 இருக்காது. ஒன்றில் 6, அடுத்ததில் 12, இன்னொன்றில் 8 என்று இருக்கும். மழை எல்லா இடத்திலும் ஒரே அளவுதான் பெய்தது. துளிகள் தாம் விரும்பிய நேரத்தில் விழுவதால் ஏற்பட்ட ஏற்றத்தாழ்வு இது. நீண்ட நேரம் விட்டுவைத்துத் தம்ளருக்குச் சராசரி 10,000 துளிகள் விழுந்தபின் பார்த்தால், பெரும்பாலான தம்ளர்கள் 9,900க்கும் 10,100க்கும் இடையில் இருக்கும். வேறுபாடு எண்ணிக்கையில் கூடியிருக்கிறது, ஆனால் விழுக்காட்டில் வெகுவாகக் குறைந்திருக்கிறது.

ஃபோட்டான்களும் இப்படியே விழுகின்றன. பொதுவிதி இதுதான்: சராசரி எண்ணிக்கையின் வர்க்கமூலம் எவ்வளவோ, அந்த அளவுக்கு ஏற்றத்தாழ்வு இருக்கும். 9க்கு 3, 100க்கு 10, 10,000க்கு 100. இருண்ட படங்களில் நாம் காணும் மணல் தூவியது போன்ற புள்ளிகளுக்கு முதன்மைக் காரணம் இந்த ஏற்றத்தாழ்வே. அதற்கு இரைச்சல் என்று பெயர். மலிவான கேமரா என்பதால் வந்தது என்று அதைத் திட்டுவது வழக்கம். உண்மையில் அதில் பெரும்பகுதி ஒளியின் இயல்பிலேயே உள்ளது. உலகின் ஆகச் சிறந்த சென்சாரை வைத்தாலும் 9 ஃபோட்டான்களுக்கு 3 என்ற ஏற்றத்தாழ்வு இருந்தே தீரும்.

இதுவரை பார்த்தவற்றின் சாரம்: கேமரா ஒளித்துகள்களை எண்ணுகிறது. எண்ணிக்கை கூடக்கூடப் படம் தெளிவடைகிறது. ஆகவே நம்மிடம் உள்ள ஒவ்வொரு அமைப்பையும், இது எண்ணிக்கையைக் கூட்டுகிறதா என்ற ஒரே கேள்வியை வைத்து எடைபோடலாம்.

ஐஎஸ்ஓ செய்வதும் செய்யாததும்

மேற்கண்ட கேள்வியை ஐஎஸ்ஓவிடம் கேட்டால், இல்லை என்றே விடை வருகிறது. ஐஎஸ்ஓ என்பது பிக்சல்கள் எண்ணி முடித்த பின், அந்த எண்ணிக்கையை எத்தனை மடங்காகப் பெருக்கிக் காட்டுவது என்பதைக் குறிக்கும் அளவு. 9, 6, 12 என்று துளிகள் இருந்த தம்ளர்களின் கணக்கை எட்டால் பெருக்கிப் பலகையில் எழுதினால் 72, 48, 96 என்று வரும். பலகையில் எண்கள் பெரிதாகிவிட்டன. தம்ளரில் ஒரு துளியும் கூடவில்லை. ஏற்றத்தாழ்வும் அதே எட்டு மடங்கு பெருகிவிட்டது. ஐஎஸ்ஓவை 800இலிருந்து 6400க்கு ஏற்றும்போது படம் பளிச்சென்று ஆவதும் அதே கையோடு புள்ளி புள்ளியாக ஆவதும் இதனால்தான். சென்சாரின் உணர்திறனை ஐஎஸ்ஓ கூட்டுகிறது என்று இன்றும் பயிற்சி வகுப்புகளில் சொல்லித் தருகிறார்கள். டிஜிட்டல் கேமராவைப் பொறுத்தவரை அது சரியான விளக்கம் அன்று.

பெருக்குவதில் ஓர் இழப்பும் உண்டு. பலகையில் எழுதக்கூடிய எண்ணுக்கு ஓர் உச்ச வரம்பு இருக்கிறது. பெருக்கல் அதிகமானால் பிரகாசமான விண்மீன்கள் அந்த வரம்பை முட்டி, நிறம் இழந்து வெறும் வெள்ளைப் புள்ளிகளாகிவிடும்.

அப்படியானால் ஐஎஸ்ஓவை 100இலேயே வைத்துவிடலாமா என்றால், அதுவும் வேண்டாம். பிக்சலின் எண்ணிக்கையைப் படித்தெடுக்கும் மின்சுற்று தன் பங்குக்கு ஒரு சிறு பிழையைச் சேர்க்கிறது. முன்கூட்டியே ஓரளவு பெருக்கிவிட்டால் அப்பிழை பெரிதாகத் தெரியாது. ஆகவே 800 முதல் 1600 வரையிலான இடைப்பட்ட மதிப்பு பெரும்பாலான கேமராக்களுக்குப் பொருந்தும். அதற்கு மேல் ஏற்றுவது கேமராவின் திரையில் படம் அழகாகத் தெரிவதற்கு மட்டுமே உதவும்.

திறப்பின் அகலம்

ஒளியை உண்மையிலேயே அதிகம் சேர்ப்பதற்கு இரண்டே வழிகள்: வாயகன்ற தம்ளரை வைப்பது, அல்லது நீண்ட நேரம் வைப்பது. முதலாவது லென்ஸின் திறப்பு. லென்ஸின் மேல் 24 மி.மீ., 50 மி.மீ. என்று குறிக்கப்பட்டிருப்பது அதன் குவியத்தொலைவு. அதைத் திறப்பின் விட்டத்தால் வகுத்தால் கிடைப்பது எஃப் எண். ஆகவே எஃப் எண் சிறிதானால் திறப்பு பெரிதாகும்.

இங்கே தொடக்க நிலையினருக்கு ஒரு நல்ல செய்தி இருக்கிறது. கடைகளில் ஆகக் குறைந்த விலையில் கிடைக்கும் லென்ஸ்களில் ஒன்றான 50 மி.மீ., எஃப்/1.8 லென்ஸின் திறப்பு ஏறத்தாழ 28 மி.மீ. முன்பு சொன்ன 24 மி.மீ. லென்ஸின் திறப்புடன் ஒப்பிட்டால் பரப்பளவில் பத்து மடங்கு. விண்மீன் வெறும் புள்ளி என்பதால், திறப்பில் நுழையும் அதன் ஒளி முழுவதும் சென்சாரில் ஓரிரு பிக்சல்களுக்குள் குவிந்துவிடுகிறது. ஆகவே ஒரு விநாடிக்குப் பத்து மடங்கு ஃபோட்டான்கள். பால்வீதி போன்ற பரந்த மங்கலான ஒளிக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. அங்கே எஃப் எண் மட்டுமே பேசும், ஆதாயம் இரண்டரை மடங்குக்குச் சற்றுக் குறைவாகவே இருக்கும். தனி விண்மீன்களையும் கார்த்திகை போன்ற சிறு கூட்டங்களையும் நகரத்திலிருந்து எடுக்க விரும்புபவருக்கு, விலை உயர்ந்த அகலக்கோண லென்ஸைவிட இந்த 50 மி.மீ. லென்ஸையே நான் பரிந்துரைப்பேன்.

லென்ஸை முழுவதும் திறந்து வைத்தால் படத்தின் மூலைகளில் விண்மீன்கள் சிறகு முளைத்தது போலச் சிதையக்கூடும். எஃப்/2.2, எஃப்/2.8 என்று சற்றே மூடினால் சரியாகிவிடும்.

பூமி சும்மா இருப்பதில்லை

இரண்டாவது வழி, நேரம். இதற்குத் தடையாக நிற்பது பூமியின் சுழற்சி. வானம் மணிக்கு 15 பாகை நகர்வதாக நமக்குத் தோன்றுகிறது. முக்காலியில் அசையாமல் நிற்கும் கேமராவின் பார்வையில் விண்மீன்கள் மெல்ல ஊர்கின்றன. நேரம் கூடினால் புள்ளி கோடாகிவிடும்.

எவ்வளவு நேரம் தாங்கும் என்பதற்கு 500 விதி என்ற எளிய கணக்கு புழக்கத்தில் உள்ளது. 500ஐக் குவியத்தொலைவால் வகுத்தால் விநாடிகள் கிடைக்கும்: 24 மி.மீட்டருக்கு ஏறத்தாழ 20 விநாடி, 50 மி.மீட்டருக்கு 10 விநாடி. சென்சார் சிறியதாக உள்ள கேமராக்களில், குவியத்தொலைவை முதலில் 1.5ஆல் பெருக்கிக்கொள்ள வேண்டும். அப்போது 24 மி.மீட்டருக்கு 14 விநாடியே கிடைக்கும்.

இந்த விதியை வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். கணக்கிட்டுப் பார்த்தால், விதி அனுமதிக்கும் நேரத்துக்குள் விண்மீனின் பிம்பம் சென்சாரில் 0.036 மி.மீ. நகர்ந்துவிடும். 2.4 கோடி பிக்சல்கள் கொண்ட, பெரிய சென்சார் உள்ள முழுச்சட்டகக் கேமராவில் ஒரு பிக்சலின் அகலம் 0.006 மி.மீ.; ஆகவே அது ஆறு பிக்சல் நீளமுள்ள கோடு. திறன்பேசித் திரையில் பார்க்க அது போதும். பெரிதாக அச்சிட வேண்டுமானால் விதி சொல்வதில் பாதி நேரத்தையே வைத்துக்கொள்வது நல்லது.

சிங்கப்பூரில் இருப்பவர்களுக்கு இதில் ஒரு கூடுதல் நுணுக்கம் உண்டு. வானத்தின் எல்லாப் பகுதியும் ஒரே வேகத்தில் நகர்வதில்லை. பூமத்திய ரேகைக்கு நேர் மேலே உள்ள வானக் கோட்டில் வேகம் உச்சம். துருவங்களை நோக்கிப் போகப்போகக் குறையும். நாம் 1.3 பாகை வட அட்சரேகையில் இருப்பதால் நம் தலைக்கு மேலே செல்வதெல்லாம் அந்த வேகமான பகுதியே. வேட்டைக்காரன் கூட்டத்தின் இடைவார் விண்மீன்கள் மூன்றும் கிட்டத்தட்ட நம் உச்சியைக் கடக்கின்றன. அவற்றுக்கு எந்தச் சலுகையும் கிடையாது. தெற்கே தாழ்வாகத் தெரியும் திரிசங்கு எனப்படும் தென்சிலுவையோ, வானக் கோட்டிலிருந்து ஏறத்தாழ 60 பாகை தள்ளி இருப்பதால் பாதி வேகத்தில்தான் நகர்கிறது. அதற்கு இரு மடங்கு நேரம் தரலாம்.

மேல்மாடியிலிருந்து சொட்டும் நீர்

இனி, சிங்கப்பூரில் முடியாது என்ற கருத்துக்கு வருவோம். 2016இல் ஃபேபியோ ஃபால்கி தலைமையிலான ஆய்வுக்குழு வெளியிட்ட செயற்கை இரவொளியின் உலக வரைபடத்தில், ஒளிமாசு மிகுந்த நாடாகச் சிங்கப்பூரே முதலிடத்தில் இருந்தது. கண் இருட்டுக்கு முழுமையாகப் பழகவே முடியாத அளவு வெளிச்சமான வானத்தின் கீழ் இங்குள்ள மக்கள் அனைவரும் வாழ்கிறார்கள் என்பது அக்குழுவின் முடிவு. விளக்குகளிலிருந்து மேல்நோக்கிச் செல்லும் ஒளி, காற்றின் மூலக்கூறுகளிலும் ஈரப்பதத்திலும் தூசியிலும் பட்டுச் சிதறித் திரும்பி வருகிறது. மேகம் இருந்தால் இன்னும் மோசம்.

இந்த வெளிச்சம் விண்மீனை மறைக்கிறது என்று சொல்வது வழக்கம். உண்மையில் எதுவும் மறைவதில்லை. விண்மீனின் ஃபோட்டான்கள் குறைவில்லாமல் சென்சாரை வந்து அடைகின்றன. அவற்றோடு வேறு ஃபோட்டான்களும் வந்து சேர்ந்துவிடுகின்றன என்பதே சிக்கல். நம் தம்ளர்களுக்கு மேலே பல மாடிகளில் மூங்கில் கழிகளில் துணி காயப்போட்டிருக்கிறார்கள். மழைத்துளியோடு துணியிலிருந்து சொட்டும் நீரும் தம்ளரில் விழுகிறது. சொட்டும் நீரின் சராசரியைக் கணித்துக் கழித்துவிடலாம். ஆனால் அதுவும் முன்பின்னாகத்தான் சொட்டுகிறது. அந்த ஏற்றத்தாழ்வைக் கழிக்க வழியில்லை.

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு போடுவோம். நகர வானத்தில் ஒரு படத்துக்கு, ஒரு பிக்சலில் மங்கிய விண்மீனிலிருந்து 10 ஃபோட்டான்களும் வானத்தின் வெளிச்சத்திலிருந்து 1,000 ஃபோட்டான்களும் விழுகின்றன என்று வைத்துக்கொள்வோம். 1,010இன் வர்க்கமூலம் ஏறத்தாழ 32. விண்மீனின் 10 அந்த 32க்குள் மூழ்கிப் போகிறது. இருண்ட இடத்தில் வானத்தின் பங்கு 25 மட்டுமே என்றால், மொத்தம் 35இன் வர்க்கமூலம் 6. விண்மீனின் 10 அதற்கு மேலே தலையை நீட்டிவிடுகிறது. மெர்சிங்குக்குப் போகச் சொன்னவர் பாதி சரி என்று தொடக்கத்தில் சொன்னது இதனால்தான். மறுபாதி அடுத்த பகுதியில் வருகிறது.

அதற்கு முன் ஒரு செலவைத் தவிர்க்க உதவும் செய்தி. ஒளிமாசை வெட்டும் வடிகட்டி என்று விற்கப்படும் கண்ணாடிகளில் பல, பழைய சோடியம் தெருவிளக்குகளின் குறுகிய மஞ்சள் ஒளியைத் தடுப்பதற்காக வடிவமைக்கப்பட்டவை. எல்இடி விளக்குகளின் வெண்ணிற ஒளி எல்லா நிறங்களிலும் பரவியிருப்பதால் அவற்றால் பெரிதாகத் தடுக்க முடிவதில்லை. இங்கே தெருவிளக்குகளில் எல்இடி பரவிவிட்ட நிலையில், அந்தப் பணத்தை நல்ல முக்காலிக்குச் செலவிடலாம்.

படங்களை அடுக்குதல்

ஒரே வானப் பகுதியைப் பல படங்களாக எடுத்து, விண்மீன்களின் நகர்வைக் கணினியில் சரிசெய்து, ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்திச் சராசரி எடுப்பதற்கு அடுக்குதல் என்று பெயர். மேற்கண்ட நகர வானத்தில் 100 படங்களை அடுக்கினால் என்ன ஆகிறது? விண்மீனின் மொத்தம் 1,000. வானத்தின் மொத்தம் 1,00,000. ஏற்றத்தாழ்வு ஏறத்தாழ 318. ஒரே படத்தில் மூழ்கிக் கிடந்த விண்மீன் இப்போது இரைச்சலைப் போல் மூன்று மடங்கு எழுந்து நிற்கிறது. இருண்ட இடத்தில் அதே தெளிவுக்கு நான்கு படங்கள் போதும். ஆக, ஒளிமாசு படமெடுப்பதை முடியாத காரியம் ஆக்குவதில்லை. 4 படத்துக்குப் பதிலாக 100 படம் என்று விலையை ஏற்றிவிடுகிறது. தனி விண்மீன்களுக்கு இந்த விலை கொடுக்கக்கூடியதே. பால்வீதியின் மங்கலான பரப்புக்கு விலை எக்கச்சக்கமாக ஏறிவிடும். அதற்கு எல்லை கடப்பதே சிக்கனம்.

நகர வானத்துக்கு ஒரு சிறு ஆறுதல் உண்டு. வானமே பிரகாசமாக இருப்பதால், மின்சுற்றின் படிப்புப் பிழை சில விநாடிகளிலேயே பொருட்படுத்தத் தேவையில்லாததாகிவிடுகிறது. எனவே 5 விநாடிப் படங்கள் நிறைய எடுப்பதால் பெரிய இழப்பு எதுவும் இல்லை. நீண்ட ஒளிபடு நேரம் வேண்டியதில்லை.

சாங்கி விமான நிலையத்தை நோக்கி வரும் விமானங்களைப் பற்றியும் கவலை வேண்டாம். 100 படங்களில் ஒன்றில் மட்டும் ஒரு பிக்சல் திடீரென்று பிரகாசித்தால், அடுக்கும் மென்பொருள் அதை விதிவிலக்கெனத் தள்ளிவிடும். சீக்வேட்டர், டீப்ஸ்கைஸ்டாக்கர், சிரில் ஆகிய மூன்று மென்பொருள்களும் இலவசம். முதலாவது விண்டோஸ் கணினிகளுக்குரியது, தொடக்க நிலையினருக்கு எளிதானது.

திறன்பேசிகளும் இதையே செய்கின்றன. 2019இல் கூகல் பிக்சல் 4 கைபேசியுடன் வந்த வானியல் படமெடுப்பு வசதி, ஒவ்வொன்றும் அதிகம் போனால் 16 விநாடி கொண்ட 15 படங்கள் வரை எடுத்து, 4 நிமிடத்தில் ஒன்றாகச் சேர்த்துக் கொடுத்தது. கணினியில் தீட்டியவை என்று சொல்பவருக்கு விடை இங்கே இருக்கிறது. கணினி இல்லாமல் அந்தப் படங்கள் வந்திருக்காது என்பது சரி. ஆனால் நேர்மையாகச் செய்யப்பட்ட அடுக்குதலில் கணினி புதிதாக ஒரு விண்மீனையும் சேர்ப்பதில்லை, வந்த ஃபோட்டான்களின் கூட்டல் கணக்கைத்தான் போடுகிறது. வேறோர் இரவின் வானத்தை வெட்டி ஒரு கோபுரத்தின் பின்னால் ஒட்டுபவர்களும் இருக்கிறார்கள். அது வேறு தொழில்.

சுருங்கச் சொன்னால், திறப்பும் நேரமும் படங்களின் எண்ணிக்கையும் ஒளியைக் கூட்டுகின்றன. வானத்தின் வெளிச்சம் இரைச்சலைக் கூட்டுகிறது. ஐஎஸ்ஓ இரண்டையும் ஒருசேரப் பெருக்கிக் காட்டுகிறது.

முதல் இரவுக்கு

கேமராவை முக்காலியில் பொருத்தி, எல்லாவற்றையும் கைமுறை அமைப்புக்கு மாற்றுங்கள். லென்ஸில் உள்ள அதிர்வுத் தடுப்பை அணைத்துவிடுங்கள். படத்தை ரா வடிவத்தில், அதாவது சென்சார் எண்ணியதைச் சுருக்காமல் வைக்கும் வடிவத்தில், சேமியுங்கள். ஜேபெக் வடிவம் பிக்சலின் எண்ணிக்கைகளைச் சுருக்கி, பின்னால் அடுக்குவதற்குத் தேவையான நுண்விவரங்களை இழந்துவிடும். பொத்தானை அழுத்தும் கையின் அதிர்வு படத்தில் பதியாதிருக்க 2 விநாடித் தாமதத்தைப் பயன்படுத்துங்கள். 24 மி.மீ., எஃப்/2.8, ஐஎஸ்ஓ 800, 8 விநாடி என்று தொடங்கலாம். கேமராவில் ஹிஸ்டோகிராம் எனப்படும் ஒளிப்பரவல் வரைபடம் இருக்கும். அதன் மேடு இடப்பக்க விளிம்பை விட்டு விலகி, முதல் மூன்றில் ஒரு பங்குக்குள் இருந்தால் போதும். வலப்பக்கம் நகர்ந்துவிட்டால் நேரத்தைக் குறையுங்கள்.

புதியவர்களின் படங்கள் பெரும்பாலும் கெடுவது குவியத்தில்தான். தானியங்கிக் குவியம் விண்மீன்களைக் கண்டு தடுமாறும். லென்ஸில் உள்ள முடிவிலிக் குறியையும் நம்ப முடியாது. வெப்பத்துக்கு ஏற்ப அது சற்று முன்பின்னாக இருக்கும். திரையில் நேரடிக் காட்சியைப் போட்டு, சிரியஸ் போன்ற பிரகாசமான விண்மீன் ஒன்றைப் பத்து மடங்கு பெரிதாக்கி, அது ஆகச் சிறிய புள்ளியாகும் வரை குவிய வளையத்தைத் திருப்புங்கள். பிறகு அந்த வளையத்தைத் தொடாதீர்கள். சிலர் ஒட்டுநாடா போட்டே வைத்துவிடுவார்கள்.

நம் ஊரின் வெப்பமும் ஈரமும் தனிக் கவனம் கேட்பவை. குளிர்சாதன அறையிலிருந்து கேமராவை நேரே வெளியே கொண்டுபோனால் லென்ஸின் மேல் உடனே நீராவி படியும். அறைக்குள்ளேயே காற்றுப் புகாத பையில் போட்டு மூடி, வெளியே அரைமணி நேரம் வைத்திருந்து, பின்னர் எடுப்பது நல்லது. சென்சாரோ, ஒளியே விழாவிட்டாலும் வெப்பத்தால் தானாகச் சில பொய்த் துளிகளை எண்ணிவிடும். வெப்பநிலை ஏறத்தாழ 6 பாகை செல்சியஸ் உயரும்போதெல்லாம் இது இரட்டிப்பாகும். குளிர்நாட்டினர் பொருட்படுத்தாத இந்தப் பொய்க்கணக்கு இங்கே சிவப்பும் நீலமுமான புள்ளிகளாகப் பல்லிளிக்கும். தீர்வு எளிது: கடைசியில் லென்ஸ் மூடியைப் போட்டு, அதே நேரம், அதே ஐஎஸ்ஓவில் பத்து இருபது இருட்டுப் படங்களை எடுத்துக்கொண்டால், அடுக்கும் மென்பொருள் அவற்றைக் கழித்துவிடும்.

எந்த மாதம், எந்தத் திசை

சூரியன் இங்கே நேர்க்குத்தாக இறங்குவதால் அந்தியொளி விரைவில் முடிந்து, மறைந்து 70 நிமிடம் போல் ஆனதும் வானம் எவ்வளவு இருட்ட முடியுமோ அவ்வளவு இருட்டிவிடும். நாட்காட்டியில் அமாவாசையைப் பார்த்து, அதற்கு இரண்டு மூன்று நாள் முன்பின்னாகத் திட்டமிடுங்கள்.

பிப்ரவரி நடுவில் இரவு ஒன்பது மணியளவில் வேட்டைக்காரன் கூட்டம் தலைக்கு நேர் மேலே நிற்கும். வானத்தின் ஆகக் குறைந்த ஒளிமாசு உள்ள பகுதி உச்சி என்பதால், தொடக்கப் பயிற்சிக்கு இதைவிடச் சிறந்த இலக்கு இல்லை. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கின் கீழே உள்ள திறந்தவெளியிலிருந்தே, விளக்குக் கம்பம் மறைக்கும் ஒரு மூலையில் நின்று எடுக்கலாம். மே மாதக் கடைசியில் அதே நேரத்துக்குத் தென்சிலுவை நேர் தெற்கே ஏறத்தாழ 29 பாகை உயரத்தில் இருக்கும். ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரை அதற்கு ஏற்றது, ஆனால் நங்கூரமிட்ட கப்பல்களின் விளக்குகள் அடிவானத்தைப் பிரகாசமாக்கிவிடும். ஆகஸ்ட் மாதத்தில் இரவு ஒன்பது, பத்து மணிக்குப் பால்வீதியின் மையம் தெற்கே 60 பாகை உயரத்துக்கு ஏறிவிடுகிறது. ஐரோப்பாவில் பெரும்பகுதியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அது அடிவானத்தை ஒட்டியே தெரியும் என்பதால், இந்த அட்சரேகையில் இருப்பது நமக்கு வாய்த்த பேறு. லிம் சூ காங் பக்கம் சிங்கப்பூருக்குள் ஓரளவு இருட்டான இடம். ஜோகூரின் கிழக்குக் கரையில் உள்ள மெர்சிங்கில் கடலை நோக்கித் திரும்பினால் வேறொரு வானம் கிடைக்கும்.

சுழல் கோடுகள்

விண்மீன்களைப் புள்ளியாக அல்லாமல் நீண்ட கோடுகளாகவே எடுக்க விரும்புபவர்களும் உண்டு. துருவ விண்மீனை நடுவில் வைத்து வட்டங்கள் சுழலும் படங்களைப் பார்த்துவிட்டு அதையே இங்கே முயல்பவர்கள் ஏமாற்றமே அடைவார்கள். நம் அட்சரேகையில் துருவ விண்மீன் அடிவானத்துக்கு ஒரு பாகை அளவே மேலே இருக்கிறது. ஏதேனும் ஒரு புளோக்கின் பின்னால் ஒளிந்திருக்கும். வடக்கு நோக்கி எடுத்தால் முழுவட்டம் கிடைக்காது, அடிவானத்தின் மேல் கவிந்த அரைவட்டங்களே கிடைக்கும். தெற்கிலும் அப்படித்தான். இதற்கு மாற்றாகக் கிழக்கையோ மேற்கையோ நோக்கி அகலக்கோண லென்ஸை வையுங்கள்: நடுவில் உள்ள விண்மீன்கள் கிட்டத்தட்டச் செங்குத்தான நேர்க்கோடுகளாகவும், இருபுறமும் உள்ளவை எதிரெதிர்த் துருவங்களை நோக்கி வளைந்தும் பதியும். உயரமான கட்டடம் ஒன்று சட்டகத்துக்குள் இருந்தால் அதன் விளிம்புக்கு இணையாகவே கோடுகள் எழும். இது பூமத்திய ரேகைக்கு அருகில் உள்ளவர்களுக்கு மட்டும் கிடைக்கும் காட்சி.

ஒரு மணி நேரம் ஷட்டரைத் திறந்தே வைத்தால் நகர வானம் வெளுத்துவிடும். ஆகவே 10 விநாடிப் படங்களாக இடைவிடாமல் எடுத்து, ஸ்டார்ஸ்டாக்ஸ் போன்ற இலவச மென்பொருளில் சேர்க்க வேண்டும். இங்கே கூட்டலோ சராசரியோ இல்லை. ஒவ்வொரு பிக்சலுக்கும் எல்லாப் படங்களிலும் கிடைத்த ஆகப் பெரிய மதிப்பு எதுவோ அதை மட்டும் மென்பொருள் எடுத்துக்கொள்கிறது. வானத்தின் வெளிச்சம் ஒரே படத்தின் அளவிலேயே நின்றுவிட, விண்மீன் கடந்த பாதை முழுவதும் ஒளிர்கிறது. ஒரு மணி நேரத்துக்கு 15 பாகை நீளக் கோடு கிடைக்கும். நீண்ட ஒளிபடு நேர இரைச்சல் நீக்கம் என்று கேமராவில் ஒரு வசதி இருந்தால், தொடங்குவதற்கு முன் அதை அணைத்துவிடுங்கள். ஒவ்வொரு படத்துக்குப் பிறகும் அதே நேர அளவுக்கு ஓர் இருட்டுப் படத்தை அது எடுத்துக்கொண்டிருக்கும், கோடுகள் எல்லாம் புள்ளிக்கோடுகளாக வந்து நிற்கும்.